காரணம்: பிற

காலை எட்டே முக்காலுக்கு
வாசல் கரும்பலகையைத் துடைப்பவள் நான்.
இளநிலை உதவியாளர் பணிப்பட்டியலில் அது கிடையாது.
ஓவிய ஆசிரியர் ஓய்வுபெற்றதும்
'உங்க கையெழுத்து அழகு மேடம்' என்றார்கள்.
அத்தோடு முடிந்தது.

எத்தனை துடைத்தாலும் பழைய செய்தி முழுதாய்ப் போவதில்லை.
மண்டபத்துக் காற்றில் பலகை எப்போதும் கொஞ்சம் ஈரம்.
கார்த்திகையில் எழுதிய 'புயல், பள்ளி விடுமுறை'
தையிலும் தெரிகிறது, சாய்ந்து நின்று பார்த்தால்.
போன வாரம் ஆறாம் வகுப்பில் நான்கு பேர்
சாய்ந்து நின்று பார்த்துவிட்டு
வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இன்றைய செய்திகள்:

விலையில்லா மிதிவண்டிகள் நாற்பத்தொன்று வந்திறங்கின.
பெடல்கள் அடுத்த லாரியில்.
குடிநீர் இயந்திரம் மறுபடி பழுது, பாட்டில் கொண்டு வரவும்.
எட்டாம் வகுப்பு சித்தி ஹாஜரா
உதவித்தொகைத் தேர்வில் வெற்றி.
('ஹா'வுக்குக் கால் போட மறந்திருந்தேன்.
அவளே வந்து சாக்பீஸை வாங்கிப் போட்டாள்,
கொஞ்சம் பெரிதாகவே.)
மேலாண்மைக் குழுக் கூட்டம் வெள்ளி மாலை நான்கு மணி.
அதற்கடியில் யாரோ 'டீ உண்டா' என்று கேட்டிருந்தார்கள்.
உண்டு என்று எழுதினேன்.

பத்தேகாலுக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து போன்.
'பதினொன்று பி-யில் பதிமூணு பேர் ஆப்சென்ட் காட்டுது.
அரைமணிக்குள்ள காரணம் ஏத்துங்க.'

கணினியில் காரணங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாய் இறங்கும்:
உடல்நலக் குறைவு
குடும்ப நிகழ்ச்சி
இடம்பெயர்வு
வேலைக்குச் செல்லுதல்
பிற.

பதிமூன்று பேரும் ஜெட்டியில் நிற்கிறார்கள் என்பது
சத்துணவுக்கூடம் வரை எல்லோருக்கும் தெரியும்.
எந்த வரியில் நிற்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை.

'பிற' என்பதைத் தொட்டால் ஒரு பெட்டி திறக்கும்.
நாற்பது எழுத்து.
கொம்பும் காலும் புள்ளியும்
தனித்தனி எழுத்து அதன் கணக்கில்.
இலக்கணம் படித்த யாரும் அந்த அறையில் இருந்திருக்கமாட்டார்கள்.

சுருக்கிச் சுருக்கி அடித்தேன்:
புதன் போன இரண்டு படகு இன்னும் வரவில்லை.
முப்பத்தொன்பது.

ஒரு இடம் மிச்சம் இருந்தது.
விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
புதன் போனவர்கள் வியாழன் விடிய வரவேண்டும்.
இன்று வெள்ளி.
மிச்சத்தில் ஒன்றும் போடாமல் அனுப்பினேன்.
'ஏற்கப்பட்டது' என்று பச்சையில் வந்தது.

கூட்டத்துக்கு ஏழு பேர்தான் வருவார்கள் என்று
டீயைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார் தலைமையாசிரியர்.
கடைக்காரர் நம்புராஜனின் மச்சினனும் ஒரு படகில்.
அவரே போனை எடுத்து, சரி சார் என்றாராம்,
எத்தனை என்று கேட்காமல்.

மதியம் ஒன்றே முக்கால்.
ரெக்ஸ்லின் வந்தாள், பதினொன்று பி.
சீருடை நனைந்து முழங்கால்வரை மணல்.
'மத்தியான வருகை போடுவீங்களா மேடம்?'
போடுவேன் என்றேன்.
'ஒரு படகு வந்திருச்சு.'
நான் கேட்கவில்லை.
'எங்களது இல்ல.
பிடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்றாங்க.
மூழ்கலையாம்.'
மூழ்கலையாம் என்பதை
மதிப்பெண் சொல்வதுபோல் சொன்னாள்.

பிறகு வகுப்புக்குப் போகாமல்
பலகைக்கு முன்னால் நின்று மேலிருந்து கீழே படித்தாள்.
சாய்ந்தும் ஒருமுறை பார்த்தாள்.

'பெடல் எப்ப வரும்?'

எனக்குத் தெரியாது.
திங்கள் என்றேன்.

மதிய வருகையில் ஒன்றைக் கூட்டினேன்.
சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு
காலையில் காட்டிய அதே சதவீதத்தைக் காட்டியது.
சைக்கிள் கொட்டகைப் பக்கம் மணிச்சத்தம்.
பெடல் இல்லாவிட்டால் என்ன,
மணி எல்லாவற்றிலும் இருந்தது.
யாரோ ஒவ்வொன்றாய் அடித்துப் பார்த்துக்கொண்டு போனார்கள்.
எழுந்து போய் யார் என்று பார்க்கவில்லை.